மாடு மேய்ந்த ஓடுதளம்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே உள்ள ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு வானம் தலைக்கு நேரே தெரிகிற ஒரு துண்டுதான். மேலே தென்னை, அதற்குக் கீழே பலா, அயனி, கொல்லாமரம், அதற்கும் கீழே வாழை, மரச்சீனி. எந்த விளைக்குள் நின்று அண்ணாந்தாலும் ஓலை இடுக்கில் கொஞ்சம் நீலம் தெரியும், அவ்வளவுதான். இடவழியில் நடந்தால் இரண்டு பக்கமும் ஆள் உயரக் கையாலை. மழையைக்கூட நாங்கள் முதலில் காதால்தான் அறிவோம். தூரத்து விளையில் ஓலைமேல் இரைந்து, பக்கத்து விளைக்கு வந்து, பிறகு எங்கள் ஓட்டின்மேல் விழும்.

விமானமும் அப்படித்தான். திருவனந்தபுரத்துக்கு வளைகுடா விமானங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம். சத்தம் கேட்டு முற்றத்துக்கு ஓடி வருவதற்குள் அது ஓலைகளுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். தேங்காய் காயவைத்துக்கொண்டிருக்கும் அம்மச்சி தலையைத் தூக்காமலே, "துபாய் வண்டி போவுது மக்கா" என்பாள். ஒவ்வொரு இடவழியிலும் யாராவது ஒருவர் அந்த வண்டியில் போயிருந்தார்கள். பெட்டிமேல் பெயர் எழுதிக் கயிறு கட்டி, ஜீப் பிடித்து, வீட்டோடு போய் வழியனுப்பிவிட்டு வருவார்கள். திரும்பி வந்தவர்களிடம் நாங்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: பக்கத்தில் பார்த்தால் எவ்வளவு பெரிசு?

அப்பாவின் வீடு களியக்காவிளைப் பக்கம். அம்மாவின் வீடு பாறசாலைப் பக்கம். நடந்து போகிற தூரம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரையையும் சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியும் அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஒரே பேச்சு பேசிய, ஒரே சந்தையில் மீன் வாங்கிய இரண்டு குடும்பங்கள் அன்றிலிருந்து இரண்டு மாநிலம். அப்பா தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கோடு இல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் திருவனந்தபுரத்தைத் தாண்டியிருக்க மாட்டோம். கோடு இருந்ததால் வடக்கே போனோம். ஊர் ஊராக மாற்றலாகி, ஒரு கட்டத்தில் செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்கு உத்தரவு வந்தது.

நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை என்று பஸ் மாறிப் போன பயணம் அது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதுமே பச்சை வற்றிவிட்டது. கயத்தாறு வந்தபோது அப்பா இரண்டு காரியம் சொன்னார். 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் இது என்பது முதலாவது. மற்றது எனக்குத்தான் சொன்னார்: "அந்தப் பக்கமா ஒரு ஏரோட்ராம் சும்மா கெடக்கு. யுத்தத்துக்குப் போட்டது. நம்ம போற எடத்திலயும் ஒண்ணு உண்டு." மதுரை வரும்வரை நான் தூங்கவில்லை.

செட்டிநாடு ரயில் நிலையத்தையும் கானாடுகாத்தான் பெருவீடுகளையும் தாண்டிப் போனால் செம்மண் பொட்டல். பண்ணைக்கு மட்டும் சுமார் 1,900 ஏக்கர். சென்ட் கணக்கில் நிலம் பேசுகிற ஊரிலிருந்து போன எங்களுக்கு அந்த எண்ணே மனத்தில் ஏறவில்லை. எங்கள் அம்மா குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இங்க ஒரு மரம் நிக்கப்படாதா?" என்றாள். எனக்கோ மூச்சு முட்டியது, ஆனால் சந்தோஷத்தில். வானம் தரையில் வந்து தொடுகிற இடம் எல்லாத் திசையிலும் தெரிந்தது.

அந்தப் பொட்டலுக்கு நடுவேதான் ஓடுதளம் கிடந்தது. விமானம் இல்லை, கொட்டகை இல்லை, காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் இல்லை. மேல்பூச்சு பெயர்ந்து ஜல்லி தெரிய, வெடிப்புகளில் புல் முளைத்து, நேராக, மிக நேராக ஒரு வெளி. அதன் ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் மேய்கிற மாடு அசைகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது. உச்சி வெயிலில் கானல் எழும்பினால் அந்த மாடுகளின் கால்கள் மறைந்து உடம்பு மட்டும் தண்ணீரில் மிதக்கும். எங்கள் ஊரில் கானல் கிடையாது. அது வருவதற்குக் கண்ணுக்கு இவ்வளவு தூரம் வேண்டும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஐப்பசியில் ஒருநாள் அந்தத் தளத்தில் நின்றபடி மழை வருவதைக் கண்ணால் பார்த்தேன். கிழக்கே சாம்பல் நிறத் திரை இறங்கி, தரையைத் தொட்டு, நடந்து வந்தது. முதலில் தூரத்துத் தைலமரங்கள் அதற்குள் போயின. பிறகு வேலி போயிற்று. பிறகு மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. எங்களுக்கும் அதற்கும் நடுவே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காய்ந்த செம்மண்ணின் வாசனை முன்னால் ஓடிவந்து முகத்தில் மோதியது. மேய்க்கிறவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "ஓடாதீக தம்பி, எங்கிட்டு ஓடினாலும் நனையத்தான் போறீக" என்றார். நின்றோம். ஜல்லியில் முதல் துளிகள் தெறித்த இடம் எல்லாம் ஒவ்வொரு கரும்புள்ளியாகி, புள்ளிகள் சேர்ந்து, தளம் முழுக்கக் கறுத்தது. பிறந்ததிலிருந்து மழைக்கு நடுவில் வாழ்ந்த பையனுக்கு மழையின் முழு உருவத்தைக் காட்டியது மழை குறைந்த அந்த ஊர்.

பண்ணையின் நாள் இருட்டிலேயே தொடங்கிவிடும். கறவை முடிந்து, கன்றுகளின் எடை எழுதி, காதுவில்லை எண் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றி, பிறகுதான் மேய்ச்சல். அப்பா அந்த வறண்ட மண்ணில் கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசாலும் பிடித்து வருவதைப் பற்றி வீட்டில் ஓயாமல் பேசுவார். கொழுக்கட்டைப் புல் ஒரு மழை கண்டால் போதும், வேர் பிடித்து நிற்கும்; மாடு கடித்த இடத்திலிருந்தே திரும்பத் துளிர்க்கும். தளத்தின் ஓரங்களில் அது நன்றாக வந்தது. மழைநீர் தளத்தில் ஊறாமல் இரண்டு பக்கமும் வழிந்து ஓரத்து மண்ணில் இறங்கியதுதான் காரணம் என்று அப்பா சொன்னார். விமானத்துக்காக இறுக்கிய தரை, மாட்டுக்குப் புல் வளர்த்தது.

அந்த ஜல்லிக்கு நடுவே ஆள்காட்டிக் குருவி முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கிடையாது, லேசான குழி மட்டும். மண்ணின் நிறத்தில் கரும்புள்ளிகளோடு நாலு முட்டை, கூர்முனை எல்லாம் உள்பக்கம் பார்த்தபடி இருக்கும். பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு ஓரடி பின்னால் வைத்தால் போதும், முட்டை ஜல்லியோடு ஜல்லியாகிவிடும். குருவி ஒரு பக்கமாகக் கத்திக்கொண்டே ஓடி நம்மை வேறு திசைக்கு இழுக்கும். மேய்க்கிறவர்கள் அந்த இடம் பார்த்து ஒரு குச்சியை நட்டுவைப்பார்கள். மாடுகளை அந்தப் பக்கம் விடாமல் வளைத்து ஓட்டுவார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

நான் சைக்கிள் பழகியதும் அங்கேதான். எங்கள் ஊரில் சைக்கிள் பழகுவது என்றால் ஏற்றம், இறக்கம், வளைவு, கையாலை, கடைசியில் குளம். இங்கே கால் ஓயும்வரை மிதிக்கலாம். வளைக்க வேண்டியதே இல்லை. குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு போகும்போது, இந்த இடத்தில் வேகம் இன்னும் கொஞ்சம் கூடினால் சக்கரம் தரையை விட்டுவிடும் என்று உண்மையாகவே நம்பினேன். அதே தளத்தில் லாரி பழகினவர்கள் இருந்தார்கள், ஜீப் பழகினவர்கள் இருந்தார்கள். காலை நடைக்கு வந்த காரைக்குடிக்காரர்கள் இருந்தார்கள்.

அந்தத் தளம் இரண்டாம் உலகப் போரின் பயத்தில் பிறந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மார்ச் 8 அன்று ரங்கூன். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு போட்டார்கள். ஏப்ரல் 9 அன்று திருகோணமலையைத் தாக்கி, மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலை மூழ்கடித்தார்கள். அடுத்தது சென்னைதான் என்று எண்ணி மக்கள் மூட்டைமுடிச்சோடு நகரத்தை விட்டுக் கிளம்பினார்கள். சோழவரம், உளுந்தூர்பேட்டை, தஞ்சாவூர், கயத்தாறு, செட்டிநாடு என்று தமிழ்நாட்டுப் பொட்டல்களில் போர்க்காலத் தளங்கள் வந்தன. கடலுக்கு அந்தப் பக்கம் வவுனியாவிலும் மின்னேரியாவிலும் தளங்கள் இருந்தன. மேடுபள்ளம் இல்லாத, மரம் அதிகம் இல்லாத, கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளிய இடம் வேண்டியிருந்தது. எங்கள் அம்மாவுக்குக் குறையாகப் பட்டதெல்லாம் போர்க்காலப் பொறியாளருக்குத் தகுதியாக இருந்திருக்கிறது.

செட்டிநாட்டுக்கு அந்த ஆண்டு வேறொரு விதத்திலும் மறக்க முடியாதது. 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால்பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. கானாடுகாத்தான் வீடுகளைத் தாங்கி நிற்கும் தேக்குத் தூண்கள் அந்தத் தொடர்பில் வந்தவை. 1942-ல் எல்லாம் போயிற்று. லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். வழியில் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். பண்ணையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் சாயங்காலங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அப்படி நடந்து வந்த கணக்குப்பிள்ளை ஒருவரைப் பற்றிச் சொல்வார். "வந்து சேர்ந்தப்ப அவுகள அவுக ஆத்தாளுக்கே அடையாளம் தெரியல." சொல்லிவிட்டு ஓடுதளத்தின் பக்கம் கையை நீட்டி, "அப்பத்தான் இதுவும் வந்துச்சு" என்பார். ஊர் தன் செல்வத்தை எல்லாம் கடலுக்கு அப்பால் தொலைத்த வேளையில், ஊருக்குப் பயனில்லாத ஒன்று வாசலில் வந்து படுத்திருக்கிறது.

போர் முடிந்தது. இனி இந்தத் தளத்துக்கு என்ன வேலை? பறப்பதில் ஆசை உள்ளவர்கள் செட்டிநாட்டில் இல்லாமல் போகவில்லை. பக்கத்துக் கோட்டையூரில் 1909-ல் பிறந்த அழகப்பச் செட்டியார் இங்கிலாந்தில் குராய்டனில் விமானம் ஓட்டப் பயின்றவர். விடுதலையை ஒட்டி ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாக விமானக் கம்பெனியே நடத்தினார். அதன் டகோட்டாக்கள் சென்னைக்கும் டெல்லிக்கும் நடுவே பறந்தன. கம்பெனி நீடிக்கவில்லை. ஆனால் அவர் கொடுத்த 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமாக நிற்கின்றன. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரும் செட்டிநாட்டுக்காரர்தான். 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்கும்போது விபத்துக்குள்ளான விமானத்தில் அவர் இறந்தார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவனந்தபுரத்தை நினைத்துக்கொள்கிறேன். அங்கே 1930-களில் கோத வர்ம ராஜா என்ற தனிமனிதரின் ஆர்வத்தில் ஒரு பறக்கும் கழகமாகத் தொடங்கியதுதான் எல்லாம். அரச குடும்பத்து மருமகன். தானே விமானம் ஓட்டியவர். 1935-ல் டாடாவின் சின்னஞ்சிறு பாக்ஸ் மாத் விமானம் நெவில் வின்சென்ட் ஓட்ட, சங்குமுகத்தில் வந்து இறங்கியது. மகாராஜாவுக்கு வைஸ்ராய் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து அதில் வந்தது. நவம்பர் 1 அன்று அஞ்சல் பையோடு பம்பாய்க்குக் கிளம்பியது. அந்த மணல்வெளிக்குப் பின்னால் ஒரு சமஸ்தானமும் தலைநகரும் இருந்தன. பின்னால் வளைகுடா வந்தது. செட்டிநாட்டுத் தளத்துக்குப் பின்னால் ஒரு போர் மட்டும்தான். போர் போனதும் அதுவும் போயிற்று. கோத வர்ம ராஜாவும் 1971-ல் குலு பள்ளத்தாக்கில் விமான விபத்தில்தான் இறந்தார் என்பதைப் பெரியவனான பிறகு படித்தபோது நெஞ்சு கனத்தது.

இப்படிக் கைவிடப்பட்ட தளங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கதி நேரவில்லை. சோழவரத்தில் பல ஆண்டுகள் கார் பந்தயமும் பைக் பந்தயமும் நடந்தன. இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயச் சாலை வந்ததும் அது அடங்கியது. தஞ்சாவூர் 2013-ல் விமானப்படை நிலையமானது. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் முளைத்தன. செட்டிநாட்டுக்கு மாடு வாய்த்தது. என்னைக் கேட்டால் அதுதான் நல்ல கதி. அந்த 1,900 ஏக்கரைக் கூறு போட முடியாமல் காத்தது ஓடுதளமும் பண்ணையும் சேர்ந்துதான். சிவகங்கைச் சீமையில் மேய்ச்சல் புறம்போக்குகள் சீமைக்கருவேலத்துக்கும் தைலமரத்துக்கும் போய்ச் சேர்ந்த காலத்தில், இங்கே புல் நின்றது, கவுதாரி நின்றது, வானம்பாடி செங்குத்தாக ஏறிப் பாடியது.

அப்பாவுக்கு மீண்டும் மாற்றல் வந்து நாங்கள் கிளம்பினோம். அம்மாவுக்கு நிம்மதி. ஊருக்குத் திரும்பி முற்றத்தில் நின்றபோது எனக்கு ஓலைகள் முகத்துக்கு மேல் மூடியதுபோல் இருந்தது. பல நாள் கொல்லாமரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அதற்கு மேலேயும் தென்னை.

இப்போது ஊரில் வானம் திறந்துவிட்டது. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை வந்த புறவழிச்சாலை எங்கள் விளைகளை ஊடறுத்துப் போகிறது. முக்கோலையிலிருந்து காரோடு வரையுள்ள 16 கிலோமீட்டர் முழுக்கக் கான்கிரீட். கேரளத்தில் அப்படிப் போட்ட முதல் தேசிய நெடுஞ்சாலைப் பகுதி அது. தென்னையையும் பலாவையும் வெட்டி, மேட்டைக் குடைந்து, நேராக ஒரு வெள்ளைத் தளம். அதன் ஓரத்தில் முதன்முதலாக நின்ற அன்று எனக்குச் செட்டிநாடுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் இதன்மேல் ஒரு ஆடுகூட நிற்க முடியாது. குறுக்கே நடந்து சொந்தக்காரர் வீட்டுக்குப் போன இடவழிகள் பாதியில் அறுந்து கிடக்கின்றன.

அண்மையில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பண்ணைப் பக்கம் போய்ப் பார்த்தேன். இதற்குள் செட்டிநாட்டில் வேளாண்மைக் கல்லூரி வந்திருக்கிறது. சீருடைப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். செட்டிநாட்டுக்கு விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு வழக்கம்போல் கல்யாண வீட்டிலும் இருந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஆச்சி ஒருவர், "வந்தா நல்லதுதானே தம்பி, மக சிங்கப்பூர்லேருந்து நேரா வந்து எறங்குவா" என்றார். பெரிய வீட்டில் தனியாக இருக்கிறவர். அவரிடம் நான் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. அங்கிருந்து 100 கிலோமீட்டருக்குள் ஒரு பக்கம் திருச்சி விமான நிலையம், மறுபக்கம் மதுரை விமான நிலையம். ஆச்சியின் மகள் இப்போதே திருச்சியில் இறங்கி, ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்து சேரலாம். அந்த நேரத்தைக் கொஞ்சம் குறைப்பதற்காகக் கொழுக்கட்டைப் புல்லையும், ஆள்காட்டியின் முட்டையையும், ஒரே பார்வையில் மழை முழுதும் தெரிகிற அந்த வெளியையும் கொடுக்க வேண்டுமா? கட்டத்தான் வேண்டும் என்று முடிவானாலும், மேய்ச்சல் நிலத்தை அளந்து, வேலி போட்டு, பண்ணையின் பேரில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு மற்றதைத் தொடட்டும். அப்பா இருந்திருந்தால் இதைத்தான் மனுவாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியிருப்பார்.